சொல்லிக்கொண்டு கிளம்பிய வீடு

கைப்பேசி வரைபடத்தில் அவர்கள் இருவரும் தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தார்கள்.

மோகனப்ரியா திரையைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். காலுக்குக் கீழே கல் பாவிய சந்து இருந்தது, தோளுக்கு இரண்டு பக்கமும் ஈரம் ஊறிய செங்கல் சுவர் இருந்தது, ஆனால் அந்த நீலப்புள்ளி மட்டும் கால்வாயின் நட்டநடுவில் போய் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்று அடம் பிடித்தது. பத்தடி நடந்து பார்த்தாள். புள்ளியும் தண்ணீருக்குள்ளேயே பத்தடி நகர்ந்தது.

"இந்த போனத் தூக்கி அதே தண்ணியில போடப் போறேன்," என்றாள்.

"போட்டுட்டு வழிய யார்கிட்ட கேப்ப? இங்க மனுசங்களே காணோம்," என்று சிரித்தாள் யோகலட்சுமி.

மோகனாவுக்குக் காலையிலிருந்தே எரிச்சல். திருத்தணி தாலுகா ஆபீஸில் பட்டா மாறுதலுக்கு வருகிறவர்களை நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க என்று அனுப்பியே பழகியவளுக்கு, ஒரு ஊர் தன்னையே அப்படி அலைக்கழிப்பது பொறுக்கவில்லை. வெனிஸ், வெனிஸ் என்று இரண்டு வருடம் படம் பார்த்து ஏங்கிய ஊர். வந்து பார்த்தால் எந்தச் சந்தும் போகவேண்டிய இடத்துக்குப் போவதில்லை. பாலம் ஏறு, பாலம் இறங்கு, முட்டுச்சந்து, திரும்பு. நவம்பர் மூடுபனி மதியமே இறங்கிவிட்டது. பனி அதிகம் என்று படகையும் நிறுத்திவிட்டார்கள். ரயில் நிலையம் வரை நடைதான். தங்கியிருந்த விடுதி கடலுக்கு அந்தப் பக்கம், ரயிலில்தான் போகவேண்டும், நாளைக் காலை சென்னைக்கு விமானம். இருவருக்கும் சேர்த்து.

அந்த இருவருக்கும் என்பதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்ததே. இருவரும் ஆறாம் வகுப்பிலிருந்து சிநேகிதிகள். ஆறு வருடத்துக்கு முன் யோகா ஜெர்மனி வேலைக்குக் கிளம்பியபோது அவளுடைய அப்பாவோடு, அவள் நைனா என்று கூப்பிடுகிறவரோடு, சண்டை. அவர் பின்கட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவள் சொல்லிக்கொள்ளாமலே முன்வாசல் வழியாகப் போய்விட்டாள். அடுத்த வருடம் கொரோனாவில் அவர் போனார். இவளால் வர முடியவில்லை. அதன்பிறகு வர வழி இருந்தும் வரவில்லை. அவள் அம்மா ஜெயம்மா, மோகனாவை வழியனுப்ப ஸ்டேஷன் வரைக்கும் வந்து, கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "இன்னா பண்ணுவியோ தெரியாது, எம்பொண்ணக் கையோட கூட்டிகினு வந்துடு." எட்டு நாள் கெஞ்சி, திட்டி, அழுது, யோகாவைச் சம்மதிக்க வைத்தாகிவிட்டது. இப்போது அவளை ரயிலில் ஏற்றினால் போதும். அதற்குத்தான் இந்த ஊர் விடமாட்டேன் என்கிறது.

போதாக்குறைக்கு யோகாவின் பழக்கம் ஒன்று. எங்கிருந்து கிளம்பினாலும் சொல்லிக்கொள்ளாமல் நகர மாட்டாள். காபிக் கடைக்காரன், டிக்கெட்டைப் பார்த்த பெண், நாயை மடியில் வைத்திருந்த கிழவர் என்று எல்லாரிடமும் கைகூப்பி, தமிழிலேயே, "போயிட்டு வரேங்க." அவர்களும் ஏதோ புரிந்தது போலத் தலையாட்டுவார்கள். நைனா போன பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம் என்று மோகனாவுக்குத் தெரியும். தெரிந்தாலும் ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம் போகிறதே என்று ஆத்திரம் வந்தது.

சந்து வளைந்த இடத்தில் ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே நுழைகிற இடத்தில் சின்ன மேசை, அதன்மேல் கையெழுத்துப் போடும் நோட்டு, பேனா, ஒரு மெழுகுவத்தி.

"இன்னொரு எக்ஸிபிஷன்டி," என்றாள் யோகா. "அஞ்சே நிமிஷம்."

இந்த மாதங்களில் இங்கே பழைய வீடுகளைத் திறந்து ஓவியம், சிற்பம் என்று இலவசமாகக் காட்டுவார்கள். காலையிலிருந்து மூன்று பார்த்தாகிவிட்டது. ஒன்றில் வெறும் நாற்காலிகளை அடுக்கி வைத்து அதைக் கலை என்றார்கள்.

"மணி நாலு ஆவப் போவுது, யோகா."

"உள்ள யாராச்சும் இருந்தா ஸ்டேஷனுக்கு வழியும் கேட்டுக்கலாம்ல."

மோகனா பின்னால் போனாள்.

நீளமான கூடம். உருகிய மெழுகின் வாசனை, அதற்கடியில் சுண்ணாம்புச் சுவரின் ஈரம், அதற்கும் அடியில் நாள்பட்ட பூச்சாடித் தண்ணீரின் நாற்றம். கூடத்தின் மறுகோடியில் இன்னொரு கதவு நேரே கால்வாய்க்குத் திறந்திருந்தது, அங்கிருந்து கற்படிகள் தண்ணீருக்குள் இறங்கின, தண்ணீரின் வெளிச்சம் மேற்கூரையில் சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு சுவரோரமும் நாற்காலிகள். கறுப்பு உடுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நடுவே இரண்டு முக்காலிகள் மேல் நீளமான மரப்பெட்டி. மூடி தனியாகச் சுவரில் சாய்ந்திருந்தது.

மோகனா எட்டிப் பார்த்தாள். உள்ளே யாரும் இல்லை. வெள்ளைத் துணி விரித்திருந்தது. துணியின் நடுவில் ஒரு ஆள் நீளத்துக்கு ஈரம்.

"ஆளுங்களையே உக்கார வெச்சிக்கிறாங்க பாரேன்," யோகா கிசுகிசுத்தாள்.

கடைசி நாற்காலியிலிருந்து ஒரு கிழவி எழுந்து வந்தாள். நேரே யோகாவிடம் வந்து, அவளுடைய வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வாங்கிக்கொண்டு, அவர்கள் பாஷையில் மெதுவாக ஏதோ சொன்னாள். சொல்லும்போதே கண்ணீர் வழிந்தது. முகம் மட்டும் அசையவில்லை. மோகனாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"யோகா. இது சாவு வூடுடி."

"பொணத்தக் காணோமே."

"தண்ணியில போனதா இருக்கும். இன்னும் கெடைக்கல போல. வா, போலாம்."

யோகா வரவில்லை. அவள் கண்ணும் நிறைந்துவிட்டது. "நைனாவுக்கு நான் இப்படிக்கூட வந்து நிக்கலடி," என்றாள். பெட்டியின் அருகில் போய் நின்றாள். தலை குனிந்தாள். மோகனாவுக்கு அவளைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் கடிகாரத்தைப் பார்த்தால் கோபம் வந்தது, கடைசியில் கோபம்தான் ஜெயித்தது. தோளைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள்.

வாசலில் யோகா திரும்பினாள். கைகூப்பினாள்.

"போயிட்டு வரேங்க."

நாற்காலிகள் தரையில் உரசின. எல்லாரும் எழுந்து நின்றார்கள். யாருக்கும் தமிழ் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் ஒருவர் பின் ஒருவராக, வரிசை முடியும் வரை, சரி என்று தலையசைத்தார்கள்.

சந்துக்கு வந்ததும் மோகனா வெடித்தாள். "சாவு வூட்ல யாராச்சும் சொல்லிகினு வருவாங்களாடி? சின்னப் புள்ளைங்களுக்குக் கூடத் தெரியும். அப்படியே எழுந்து வந்துடணும். வரேன்னு சொன்னா அந்த வூட்டுக்கு மறுபடி போவ வேண்டி வரும்னு உங்க அம்மா சொன்னதில்ல?"

"வாய்ல வந்துடுச்சு."

"எல்லாம் வந்துடும் உன் வாய்ல. நட."

நடந்தார்கள். இடது பக்கம் திரும்பி, ஒரு கிணற்று முற்றத்தைக் கடந்து, துணி காய்கிற சந்தைக் கடந்து, வலது பக்கம் திரும்பி, மறுபடி வலது. பனி கெட்டியாகிக்கொண்டு வந்தது. முன்னால் போகிற யாரோ ஒருவருடைய காலடி கேட்கும், வேகமாக எட்டு வைத்தால் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். சந்து வளைந்தது. ஒரு கதவு திறந்திருந்தது. மேசை, நோட்டு, பேனா, மெழுகுவத்தி.

கதவருகே கிழவி நின்றுகொண்டிருந்தாள். கூப்பிடவில்லை. சற்று ஒதுங்கி வழி விட்டாள்.

"திரும்பு," என்றாள் மோகனா. எவன் போட்டான் இந்தச் சந்தை என்று ஊரைத் திட்டிக்கொண்டே இந்தத் தடவை இடது பக்கமாகவே திரும்பித் திரும்பிப் போனாள். கால்மணி நேரம். செருப்புக்குள் ஈரம். அதே கதவு. இந்தத் தடவை கிழவிக்குப் பின்னால் இரண்டு ஆண்கள் நின்றார்கள். யார் முகத்திலும் கோபம் இல்லை. விருந்தாளிக்குக் காத்திருக்கிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

யோகா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வரேன்னு சொல்லிட்டேன்ல," என்றாள். "ஒரு தபா உள்ள போயி தலையக் காட்டிட்டு வந்துடறேன். விட்டுடுவாங்க."

"ஒதைதான் வாங்குவ. கையக் குடு."

மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூன்றாவது வழியில் இழுத்தாள். ஒரு பாலம் வந்தது. இதற்குமுன் வராத பாலம். மோகனாவுக்கு உயிர் வந்தது. ஏறி இறங்கினார்கள். அந்தப் பக்கம் ஒரு சின்னத் துறை, நாலைந்து கற்படி, கீழே தண்ணீர். அதற்கு மேல் வழியில்லை. மூன்று பக்கமும் சுவர்.

எதிரே, கால்வாய்க்கு அந்தக் கரையில், வெளிச்சம். அந்தக் கூடம். தண்ணீருக்குத் திறக்கிற கதவு வழியாக நாற்காலிகள் தெரிந்தன, பெட்டி தெரிந்தது. நடுவில் இருந்தது இருபதடித் தண்ணீர்.

மோகனா அழுதுவிடுவாள் போலிருந்தது. பயத்தில் என்று சொல்ல முடியாது, அது பிறகு. அப்போது வெறும் ஆத்திரம்தான். இந்த ஊர்மேல், போன்மேல், யோகாமேல், அவளுடைய கூப்பிய கைமேல்.

"மோகனா," என்றாள் யோகா. "தலைக்கு ஊத்திக்காம வந்துட்டோம்ல. அதான்டி விடமாட்டேங்குது. சாவு வூட்டுக்குப் போனா குளிக்காம எங்கயும் போவக் கூடாதுல்ல."

"இந்தக் குளிர்லயா?"

"மூணு கை அள்ளித் தலையில ஊத்திக்கறேன். அவ்ளோதான்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கையை விடாமல் இருந்திருக்கலாம். மணி நாலே முக்கால்.

"ஊத்திகினு தொலை. சீக்கிரம்," என்றாள் மோகனா. கையை விட்டாள். திரும்பி நின்று, பாலத்து விளக்கடியில் போனைத் தூக்கிப் பிடித்து சிக்னல் தேடினாள்.

பின்னால் படியில் செருப்புச் சத்தம். நின்றது. தண்ணீரை அள்ளும் சத்தம், கல்லில் சொட்டும் சத்தம். ஒன்று. மறுபடி அள்ளினாள். இரண்டு. யோகா குளிரில் பல்லைக் கடித்து ஸ்ஸ் என்றாள், அதைக் கேட்டு மோகனாவுக்குச் சிரிப்புக்கூட வந்தது. மறுபடி அள்ளினாள்.

சொட்டவில்லை.

"மூணாச்சுல்ல. வா."

மோகனா போனைப் பைக்குள் போட்டாள்.

"யோகா."

திரும்பினாள். படி காலி. ஓரத்தில் செருப்பு ஜோடியாக. தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஒரு வளையம் இல்லை. ஒரு குமிழி இல்லை.

படியில் இறங்கினாள். பாசி வழுக்கியது. முழங்கால் வரை தண்ணீரில் நின்று கையை விட்டுத் துழாவினாள். கல். பாசி. ஒன்றுமில்லை. கத்தினாள். பனி சத்தத்தை வாங்கிக்கொண்டது. எந்த ஜன்னலும் திறக்கவில்லை.

எதிர்க்கரையில் ஆள் அரவம்.

இரண்டு ஆண்கள் அந்த வீட்டின் படியில் இறங்கினார்கள். அவசரமில்லை. குனிந்தார்கள். தண்ணீருக்குள்ளிருந்து ஒருவரைத் தூக்கினார்கள். பச்சை ஸ்வெட்டர். யோகாவின் பச்சை ஸ்வெட்டர். தலை பின்னால் சாய்ந்து தொங்கியது, கிழவி ஓடிவந்து அதைத் தன் கையில் தாங்கிக்கொண்டாள். உள்ளே கொண்டுபோனார்கள். பெட்டிக்குள் கிடத்தினார்கள். கிழவி துணியால் அவள் நெற்றியைத் துடைத்தாள். முடியை ஒதுக்கினாள். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். அது தண்ணீரைத் தாண்டி மோகனாவுக்குக் கேட்டது.

மோகனா முழங்கால் தண்ணீரிலேயே நின்றாள்.

அப்போது அவளுக்குப் பக்கத்தில் தண்ணீர் அசைந்தது.

ஒரு படி. ஈரக்கால் கல்லில் பதிகிற சத்தம். இன்னொரு படி. பூச்சாடித் தண்ணீர் நாற்றம். முழங்கையருகே குளிர். ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. இறுக்கமாக. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவள் யோகாவைப் பிடித்திருந்த அதே இறுக்கம்.

மோகனா திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே பார்த்தாள். பெட்டிக்குள் கிடந்த யோகா கண்ணைத் திறந்திருந்தாள். தலையை இந்தப் பக்கம் திருப்பியிருந்தாள். வாய் திறந்து மூடியது. திறந்து மூடியது. மோகனா என்றுதான்.

சுவரில் சாய்ந்திருந்த மூடியை நான்கு பேர் எடுத்தார்கள்.

"வாடி," என்றது காதருகே யோகாவின் குரல். "அம்மா காத்துகினு இருக்கும்."

அந்தக் கை இழுத்தது. மோகனாவின் கால் நகர்ந்தது. படி ஏறியது. பனி விலகி, முன்பு சுவர் இருந்த இடத்தில் ரயில் நிலையத்தின் விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. பின்னால் மரத்தின் மேல் மரம் பொருந்துகிற சத்தமும், அதற்குள்ளிருந்து யாரோ உள்ளங்கையால் தட்டுகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன.