இருநூற்றுப் பதினோராம் கல்

இருநூற்றுப் பதினோராம் கல்லுக்கு மட்டும் தனி வரிசை இருந்தது. மற்றக் கற்களின் முன்னால் ஒருவர், இருவர் நின்றார்கள். பலவற்றின் முன்னால் யாருமே இல்லை. இதற்கு நுழைவாயிலிலேயே டோக்கன் கொடுத்தார்கள். கயிறு கட்டி, வரிசையில் நிற்பவர்களுக்கு நிழலுக்காகத் துணிப் பந்தலும் போட்டிருந்தார்கள்.

வேலூருக்கு வெளியே பாறைக் குன்றின் சரிவில் அமைந்த நினைவிடம் அது. பனிமுகட்டுப் போரில் இறந்த முந்நூற்றுப் பதினெட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு கருங்கல். ஒவ்வொரு கல்லும் அந்த வீரனின் உயரத்துக்கு நிறுத்தப்பட்டிருந்தது. மார்பு உயரத்தில் உள்ளங்கை பதியும் அளவுக்கு ஒரு குழி. அதில் கையை வைத்தால், அந்த வீரனின் கடைசி ஐந்து நிமிடங்களை நம் உடம்பு உணரும். போரின்போது எல்லாத் தலைக்கவசங்களிலும் நரம்புப்பதிவி என்ற சிறு கருவி இருந்தது. இதயத் துடிப்பு, மூச்சு, வலி, பயம் என்று உடம்பில் நடந்ததையெல்லாம் அது பிடித்து வைத்தது. காட்சியும் பேச்சும் ராணுவ ரகசியம் என்று நீக்கிவிட்டு, மீதியைக் கல்லுக்குள் வைத்தார்கள். ஒரு சிற்பியும் சில நரம்பியல் பொறியாளர்களும் சேர்ந்து செய்த வேலை. மக்கள் அவற்றை உணர்கல் என்றார்கள்.

பெரும்பாலான உணர்கற்களில் பத்து விநாடிக்கு மேல் யாராலும் கை வைத்திருக்க முடியவில்லை. சிலர் வாந்தி எடுத்தார்கள். அதனால் வரிசைக்கு ஒரு செவிலியர் நின்றார். இருநூற்றுப் பதினொன்று அப்படியில்லை. முதல் அரை நிமிடம் வலியும் பயமும் இருக்கும். பிறகு திடீரென்று ஓர் அமைதி வந்து கடைசிவரை நிற்கும். எதனால் அந்த அமைதி என்று வந்து போகிறவர்களுக்குத் தெரியாது. நாட்டுப்பற்று என்றார்கள் சிலர். தெய்வம் என்றார்கள் சிலர்.

அது நாயக் லோகேஷின் கல்.

ஓய்வுபெற்ற ஹவில்தார் தணிகாசலம் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. ஆரணியில் அவர் தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். லோகேஷின் மனைவி பவித்ரா ஒவ்வொரு வருடமும் நினைவு நாளுக்கு அவரை அழைப்பாள். அவர் முழங்கால் வலி என்பார், மகளுக்குப் பரீட்சை என்பார், மழை என்பார். இந்த வருடம் அவள் நேராகக் கடைக்கே வந்துவிட்டாள். அவருடைய மனைவி, கண்டிப்பாக வருவார் என்று அவர் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

பவித்ரா காட்பாடியில் பள்ளி ஆசிரியை. வரிசையில் நின்றவர்களிடம் அவள் மெதுவாக ஏதோ சொன்னாள். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று அவர்கள் முகங்களைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்தது. கடைசி நேரத்தில் லோகேஷைத் தன் மடியில் வைத்திருந்தவர் இவர்தான். படைப்பிரிவின் அறிக்கையில் அப்படித்தான் இருந்தது. அந்த அறிக்கையை எழுதியவர் அவரேதான்.

முன்னால் முப்பது பயிற்சி வீரர்கள் நின்றிருந்தார்கள். அவர்களை அழைத்து வந்திருந்த சுபேதார், ஒவ்வொரு அணியையும் இந்தக் கல்லுக்குக் கூட்டிவருவது வழக்கம் என்றும், இதைத் தொட்டபின் பையன்களின் பயம் பாதி போய்விடுகிறது என்றும் தணிகாசலத்திடம் பெருமையாகச் சொன்னார். அவர்கள் விறைப்பாக நின்று அவருக்கு வழிவிட்டார்கள். ஒருவன் காலைத் தொடக் குனிந்தான். தணிகாசலம் பின்னால் நகர்ந்துகொண்டார்.

கல் அவருடைய தோளுக்குத்தான் வந்தது. லோகேஷ் குள்ளம். குழியில் கையை வைத்தார்.

அடிவயிற்றில் சூடாக ஏதோ கிழிந்தது. விரல்கள் குளிரில் மரத்தன. இதயம் நெஞ்செலும்பை இடித்தது. தனியாக இருக்கிறேன், தனியாக இருக்கிறேன் என்று உடம்பு முழுவதும் கத்தியது. அப்புறம், எந்தக் காரணமும் இல்லாமல், தோள்கள் தளர்ந்தன. மூச்சு இறங்கியது. வலி அங்கேயே இருந்தது, ஆனால் அதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது.

காரணம் அவருக்குத் தெரியும். அந்த விநாடியில்தான் அவர் கம்பியில்லாக் கருவியில் பேசினார்.

"வந்துட்டேன்டா லோகேசு. இங்கதான் கீறேன். ரெண்டே நிமிஷம்."

அன்று அவர் ஒரு பாறைக்குப் பின்னால் படுத்திருந்தார். மேலே வேட்டைத் தும்பிகள் சுற்றிக்கொண்டிருந்தன. வெப்பத்தை மோப்பம் பிடித்து, நகர்வதை எல்லாம் சுடும் ஆளில்லாப் பறக்கும் கருவிகள் அவை. லோகேஷ் மேட்டில் விழுந்து அலறிக்கொண்டிருந்தான். பிறகு தும்பிகள் மின்னேற்றத்துக்காகத் திரும்பிப் போயின. அவை மறுபடி வர இருபது நிமிடம் ஆகும் என்று படையில் எல்லோருக்கும் தெரியும். தணிகாசலத்துக்கும் தெரியும். அவர் எழுந்திருக்கவில்லை. கால்கள் வரவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உண்மையில் அவர் கால்களிடம் கேட்கவே இல்லை. அந்த அலறலை நிறுத்துவதற்காகத்தான் வருகிறேன் என்று சொன்னார். அலறல் நின்றது. லோகேஷ் நாலரை நிமிடம் அவருக்காகக் காத்திருந்தான்.

அந்தக் காத்திருப்பு முழுவதையும் தணிகாசலம் இப்போது கையை எடுக்காமல் வாங்கிக்கொண்டார். ஒரு விநாடிகூட அதில் சந்தேகம் இல்லை. அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. லோகேஷ் திட்டியிருந்தால், ஒரே ஒரு தடவை அவர் வரவில்லை என்று மனசுக்குள் கசந்திருந்தால், நிமிர்ந்து நின்றிருப்பார்.

கையை எடுத்தபோது பயிற்சி வீரர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய கண்ணீரை அவர்கள் வேறுவிதமாகப் புரிந்துகொண்டார்கள். யாரோ கைதட்டத் தொடங்க, வரிசை முழுவதும் கைதட்டியது.

பவித்ரா அவரைக் கற்களுக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் பெஞ்சுக்கு அழைத்துப் போய்த் தண்ணீர் கொடுத்தாள். மாதத்துக்கு ஒரு தடவையாவது இங்கே வந்துவிடுவதாகச் சொன்னாள். கல்யாணமாகி அவனோடு இருந்தது மொத்தமே ஏழு மாதம்தான். அந்த நாலரை நிமிடத்தில் அவன் தனியாக இல்லை என்ற ஒன்றை வைத்துத்தான் பதினோரு வருடத்தைத் தள்ளிவிட்டேன் என்றாள். அதற்காக அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை என்றாள்.

அவர் தண்ணீர்ப் புட்டியைக் கீழே வைத்தார்.

"நான் போகல தங்கச்சி," என்றார். "வர்றேன்னு சொன்னேன். போகல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பாறையை, தும்பிகளை, இருபது நிமிடத்தை, அறிக்கையை. சொல்லி முடிக்கும்வரை அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"எவ்ளோ தூரம்ணா?" என்று கேட்டாள்.

"நாப்பது மீட்டர்."

"இங்கேர்ந்து எதுவரைக்கும்?"

அவர் பந்தல் முனையில் இருந்த இரும்புக் கம்பத்தைக் காட்டினார். பவித்ரா எழுந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அந்தக் கம்பம்வரை சாதாரணமாக நடந்து போனாள். அதைத் தொட்டாள். அங்கேயே நின்று அவரைப் பார்த்தாள். அவள் போய்ச் சேர அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவள் நின்ற இடத்திலிருந்து அவருடைய சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்திருக்கும். தணிகாசலம் தலை குனிந்துகொண்டார்.

திரும்பி வந்தவள் உட்காரவில்லை. அவன் நிம்மதியாக இருந்தது பொய்யில்லை, அதை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன் என்றாள். ஆனால் அறிக்கை பொய், இந்த வரிசை பொய், அந்தச் சுபேதார் சொல்வது பொய். "எனக்குச் சொன்னத நினைவிட ஆபீஸ்ல எழுதிக் குடுங்க," என்றாள். அவர் அன்றைக்கே எழுதிக் கொடுத்தார்.

நினைவிட வாரியம் அவரைச் சென்னைக்கு வரச்சொன்னது. அந்த அறிக்கையால் கிடைத்த பதக்கத்தைப் பறிப்பார்கள், பத்திரிகையில் பெயர் வரும், ஆரணியில் தலைகாட்ட முடியாது என்று அவர் நினைத்தார். ஒரு வகையில் அதற்கு ஆசைப்பட்டே போனார். ஆனால் விசாரணையில் இருந்த மூன்று பேரும் அவர் ஏன் போகவில்லை என்று கேட்கவே இல்லை. நரம்பியல் பொறியாளர் அம்பலவாணன் என்பவர் மட்டும் நுணுக்கமாகக் கேட்டார். சரியாக என்ன வார்த்தைகள், எந்த வேகத்தில், சத்தமாகவா மெதுவாகவா, பெயரை முதலில் சொன்னாரா பிறகா. ஓர் ஒலிப்பதிவு அறையில் உட்காரவைத்து அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். சாட்சியம் என்று நினைத்துத் தணிகாசலம் அறுபது தடவைக்கு மேல் சொன்னார். ஒவ்வொரு தடவையும் வெட்கத்தில் காது எரிந்தது.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. காலம் கடந்துவிட்டதால் நடவடிக்கை எதுவும் இல்லை. இருநூற்றுப் பதினோராம் கல் இருந்தபடியே இருக்கும். அவருடைய ஒத்துழைப்புக்கு நன்றி.

அந்த ஒத்துழைப்பு என்னவென்று அவருக்கு மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது. எல்லையில் மறுபடி மோதல் நடந்து முடிந்திருந்தது. நினைவிடத்தில் புதிதாக இருபத்தேழு கற்கள் நட்டார்கள். பவித்ரா போனில் கூப்பிட்டு, உடனே வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். அந்த மூன்று வருடத்தில் அவள் அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

புதுக் கற்கள் எல்லாவற்றின் முன்னாலும் வரிசை நின்றது. செவிலியர் யாரும் தேவைப்படவில்லை. தணிகாசலம் ஒன்றில் கை வைத்தார். வலி, குளிர், பயம். அப்புறம் தோள்கள் தளர்ந்தன. அடுத்த கல்லுக்குப் போனார். அதற்கடுத்த கல்லுக்கும். எல்லாவற்றிலும் அதே தளர்ச்சி, அதே நம்பிக்கை.

பவித்ராவுடன் ஒரு பெண் நின்றிருந்தாள். ஷகிலா என்று பெயர். படையில் மருத்துவ உதவியாளர். இடது கையில் கட்டு. விஷயத்தை அவள்தான் விளக்கினாள். புதிய தலைக்கவசத்தில் ஆறுதல்குரல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அடிபட்டவன் பிழைப்பது சந்தேகம் என்று நரம்புப்பதிவி கணித்தால், அது அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வந்துவிட்டேன், இரண்டே நிமிடம் என்று அவனுடைய மொழியிலேயே சொல்லும். எல்லா மொழிக்கும் ஒரே குரல்தான். ஓர் அசல் குரலிலிருந்து எடுத்தது என்று சொன்னார்கள்.

"முன்னாடியெல்லாம் கத்துவாங்க சார்," என்றாள் ஷகிலா. "கத்துற எடத்துக்கு ஓடுவோம். இப்ப யாரும் கத்துறதில்ல. ஆள் வருதுன்னு அமைதியா படுத்திருக்காங்க. எங்களுக்கு எங்க இருக்காங்கன்னே தெரியல."

இருபத்தேழு பேரில் எத்தனை பேரைப் பிழைக்க வைத்திருக்கலாம் என்று பவித்ரா கேட்டாள். பாதிப் பேரையாவது என்றாள் ஷகிலா. மேலிடத்துக்கு எழுதிப் போட்டதாகவும், வீரர்களின் மனவுறுதி கூடியிருப்பதால் ஏற்பாடு தொடரும் என்று பதில் வந்ததாகவும் சொன்னாள்.

அன்று தணிகாசலம் ஒருவனுக்குத்தான் போகாமல் இருந்தார். இப்போது ஒவ்வொருவருக்கும் போகாமல் இருந்துகொண்டிருந்தார்.

சற்றுத் தள்ளிப் புதிய பயிற்சி அணி ஒன்று வரிசையில் நின்றது. அவர் அவர்கள் முன்னால் போய் நின்றார். தன் பெயரைச் சொன்னார். அவர்களுடைய தலைக்கவசத்தில் இருப்பது தன் குரல் என்றார். அது வருகிறேன் என்று சொல்லும், ஆனால் வருவதற்கு அங்கே யாரும் இருக்கமாட்டார்கள், அதை நம்பி வாயை மூடிக்கொள்ளாதீர்கள், உயிர் இருக்கும்வரை கத்துங்கள் என்றார். நாற்பது மீட்டரில் படுத்துக்கொண்டு தான் செய்ததையும் ஒளிக்காமல் சொன்னார். பயிற்சி சுபேதார் அவரைத் தடுக்க வந்தார். பவித்ரா குறுக்கே போய் நின்றுகொண்டாள்.

முதலில் நின்ற பெண்ணுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். சட்டையில் நிவேதா என்று எழுதியிருந்தது. அவர் சொன்னதை அவள் முழுவதும் கேட்டாள். நம்பினாள் என்பது அவள் முகம் வெளுத்ததிலேயே தெரிந்தது.

"அப்ப நெஜமாவே யாரும் வரமாட்டாங்களா சார்?"

"வரமாட்டாங்கம்மா," என்றார் தணிகாசலம்.

அவள் தலையை ஆட்டினாள். வரிசை நகர்ந்தது. அவளுடைய முறை வந்ததும் ஒரு கணம் தயங்கிவிட்டுக் கல்லில் கையை வைத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள், உடம்பு உதறியது. பிறகு அவள் தோள்கள் மெல்ல இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். ஐந்து நிமிடம் முடிந்து திரும்பியபோது அவளுடைய வெளுத்த முகத்தில் நிறம் திரும்பியிருந்தது.

"நீங்க சொன்னது ஞாபகம் இருக்கு சார்," என்றாள். "ஆனா இப்ப பயம் இல்ல."