பெட்டியில் இல்லாத ஸ்பீக்கர்

மார்ச் 12

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். அக்காவின் கிட்டார் ஆம்ப்ளிஃபயரை ஸ்பீக்கர் பெட்டியோடு இணைக்கும் முன் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. பெட்டியின் முதுகில் மின்தடை 'எட்டு ஓம்' என்று ஒட்டியிருந்ததை நம்பி, ஆம்ப்ளிஃபயரின் எட்டு ஓம் துளையில் செருகிவிட்டேன். அவள் ஒரு பாட்டை வாசித்து முடிப்பதற்குள் டிரான்ஸ்பார்மரில் கை வைக்க முடியவில்லை. கருகல் வாடை வேறு.

"நாளைக்கு மேடையில இது புகையட்டும், உன்னைத்தான் திரியா வச்சுக் கொளுத்துவேன், இன்ஜினியரே" என்றாள் அக்கா. நாளைதான் அவளுக்கு முதல் மேடை.

அப்புறம்தான் பெட்டியை மாலை எலக்ட்ரானிக்ஸ் வகுப்புக்குத் தூக்கிப்போய் அளந்தேன். அங்கே எல்லாரும் என்னைச் 'சந்தேகம்' என்றுதான் கூப்பிடுவார்கள், சாரும் அப்படித்தான்.

"மீட்டர் என்னய்யா சொல்லுது, சந்தேகம்?"

"மூணு, சார்."

"எட்டு ஓம் ஸ்பீக்கர்னா ஆறு சொச்சம் காட்டணும். மூணுன்னா உள்ள இன்னொரு ஸ்பீக்கர் சேர்ந்து இழுக்குது. நாலு ஓம் துளைக்கு மாத்து, சரியாப் போயிரும். ஸ்பீக்கரே இல்லாம மட்டும் ஓட்டிராத, டிரான்ஸ்பார்மர் எரிஞ்சே போயிரும்."

வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் உட்கார்ந்து பெட்டியின் பின்பலகையைக் கழற்றினேன். பழைய பசையும் ஈரம் ஏறிய பஞ்சும் கலந்த புளித்த வாடை முகத்தில் அடிக்க, டார்ச் வெளிச்சத்தில் தூசி மெல்லச் சுழல, மூலை மூலையாகத் தடவிப் பார்த்தேன். ஒரே ஒரு ஸ்பீக்கர்தான் இருந்தது.

அதையும் கழற்றி வைத்தேன். இப்போது ஒயரின் ஒரு பக்கம் மீட்டரில் இருக்க, மறுபக்க முனைகள் எதையும் தொடாமல் தொங்கின. மீட்டரின் முள் இடது ஓரத்தில் அசையாமல் கிடக்க வேண்டும்.

மெல்ல எழுந்து வந்து ஆறு சொச்சத்தில் நின்றது.

என் கைதான் சரியில்லை என்று நினைத்தேன். மீட்டரின் பேட்டரியை மாற்றினேன். ஒயரையும் மாற்றினேன். மறுபடியும் ஆறு சொச்சம்.

பிறகு முள் நடுங்கியது. குட்டிக் குட்டியாக மூன்று துடிப்பு, கடைசியில் நீளமாக ஒன்று. ஸ்பீக்கர் கேட்கவும் செய்யும் என்று சார் காட்டியிருக்கிறார். அதன் முன்னால் சத்தமாகப் பேசினால் முள் இப்படித்தான் துள்ளும். நான் பேசவில்லை. வீடு அமைதியாக இருந்தது.

"டேய், டீ வேணுமாடா?" அடுத்த அறையிலிருந்து அக்கா.

அவள் பேச்சிலும் அதே அளவு: குட்டியாக மூன்று. நீளமாக ஒன்று.

முள் முந்திக்கொண்டது. அக்கா பிந்தினாள்.

"அக்கா, ஏதாவது பேசிக்கிட்டே இரேன்."

"ஏன், இன்ஜினியருக்குத் தனியா இருக்கப் பயமா?" சிரித்தாள். அந்தச் சிரிப்பை முள் ஏற்கெனவே சிரித்து முடித்திருந்தது. இடைவெளி நீண்டுகொண்டே போனது. முள் ஒரு துடிப்பு துடித்தால், அவள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போன பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது. பிறகு இன்னும் தாமதம். முள் எங்கோ முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

திடீரென்று வலது ஓரத்துக்குத் தாவியது. கண்ணாடியில் மோதியது. அங்கேயே நின்று அதிர்ந்தது. நீண்ட நேரம். பேச்சுக்கு இடையில் மூச்சு வாங்க வேண்டும். இதில் மூச்சே இல்லை.

பிறகு விழுந்தது. இடது ஓரம். அசைவில்லை.

இதை எழுதும்போதும் அசையவில்லை. ஒயர் இப்போது வெறும் ஒயர்தான்.

அக்கா நாளைய பாட்டைப் பாடிப் பார்க்கிறாள். எங்கே மூச்சு எடுப்பாள், எங்கே இழுப்பாள், எல்லாம் எனக்குத் தெரிகிறது. முள் பாடிய பாட்டுதான்.

முள்ளை வலது ஓரத்தில் நிறுத்திய அந்த அலறல் மட்டும் இன்னும் வரவில்லை.

நாளை காலையில், அவள் மேடைக்குக் கிளம்பும் முன் செய்ய வேண்டியது: ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்ப்ளிஃபயரை முழுச் சத்தத்தில் ஓட்டி, டிரான்ஸ்பார்மரை எரிக்க வேண்டும். அக்காவிடம் என் தவறு என்று சொல்ல வேண்டும்.