உறை பிரிக்காத மெத்தைகள்

ஏழாம் அறையின் மெத்தையில் ஒரு குழி விழுந்திருந்தது.

தஸ்லீம் கையில் தூசித் துணியோடு கதவருகிலேயே நின்றுவிட்டாள். கடையிலிருந்து வந்த நாள் முதல் பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை அது. அந்தப் பங்களாவில் பதினொரு படுக்கையறைகள். இங்கிலாந்துச் சீமையில் இருக்கும் வீட்டுக்காரியின் சகோதரர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று என்று கட்டியவை. கட்டி முடித்து நான்கு வருஷம் ஆகிறது. இன்னும் ஒருவர்கூட வந்து படுக்கவில்லை. வியாழக்கிழமைதோறும் பூட்டைத் திறந்து தூசி தட்டிவிட்டுத் திரும்பப் பூட்டுவது தஸ்லீமின் வேலை. சாவிக்கொத்து அவள் இடுப்பைவிட்டு இறங்கியதே இல்லை.

இப்போது பார்த்தால், தோளுக்கு ஒரு பள்ளம், இடுப்புக்கு ஒரு பள்ளம், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கால்களுக்கு ஒரு நீளப் பள்ளம். படுத்தவர் கட்டிலின் போக்கில் படுக்கவில்லை. குறுக்கே படுத்திருக்கிறார். தலை வடக்கே, வலப்புறம் ஒருக்களித்து, முகம் மேற்கே. உயிரோடு இருக்கிற யாரும் அப்படிக் கட்டிலுக்குக் குறுக்கே படுப்பதில்லை. அப்படிப் படுக்க வைப்பார்கள், ஒரே ஓர் இடத்தில், கபுறுக் குழிக்குள்.

பிளாஸ்டிக்கின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. கூடவே ஒரு வாசனை. சுவர் ஈரத்தின் வாசனை இல்லை. பங்குனி வெயிலில் ஏரித் தண்ணீர் வற்றி, அடிவண்டல் வெடிக்கும்போது வருமே, மீனும் பாசியும் பழைய செங்கல்லும் கலந்து, அந்த வாசனை.

போன் அடித்தது. பிராட்ஃபோர்டிலிருந்து வீட்டுக்கார அக்கா, சஃபீனா பாஜி. சலாம்கூட இல்லை.

"ஏழாம் ரூம்ல யாரப் படுக்க வச்சிருக்கே?"

"யாரையும் இல்ல பாஜி. நானும் மிஸ்பாவும் மட்டுந்தான்…"

"எங்கிட்டயே கதை விடாத. வராந்தாக் கேமராவுல பாத்தேன். ஈரத்துணியப் போத்திக்கிட்டு ஒரு கெழவன் உள்ள போறான். மலை மேலேர்ந்து வந்த உன் சொந்தக்காரனா? எம் பங்களா என்ன சத்திரமா?"

"சத்தியமா பாஜி, கதவு பூட்டித்தான் கெடந்துச்சு."

"பூட்டின கதவுக்குள்ளதான் போனான்" என்றாள் சஃபீனா. சொன்னது தன் காதிலேயே சரியாக விழவில்லை போலும். பிறகு இன்னும் கோபமாக, "வர்ற செவ்வாக்கெழம எங் கொழுந்தன வரச் சொல்றேன். ஒரு ஆளு இருந்தாலும் நீயும் உம் பொண்ணும் ரோட்லதான்" என்று வைத்துவிட்டாள்.

வீட்டின் மூலைக்கு மூலை கேமரா. பேச ஒலிபெருக்கியும் உண்டு. கரண்ட் போனாலும் அவற்றுக்கு மட்டும் பேட்டரி. வாசல் இரும்பு கேட்டுக்கு மோட்டார். பிராட்ஃபோர்டில் சோபாவில் உட்கார்ந்தபடியே சஃபீனா அதைத் திறப்பாள், மூடுவாள். கணவன் செத்தபின் எட்டு வயது மகள் மிஸ்பாவோடு தஸ்லீமுக்கு இருப்பது அந்த வீட்டுச் சமையலறை ஓரத்து ஓர் அறைதான். அதை விட்டால் மலைமேல் மைத்துனன் வீட்டு மாட்டுத்தொழுவம். அங்கே மிஸ்பாவுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, படுக்க இடமும் இல்லை.

ஆனால் தஸ்லீமை அறைக்குள் கால் வைக்கவிடாமல் நிறுத்தியது பாஜியின் மிரட்டல் இல்லை. அந்த வாசனைதான். அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். அதை வீட்டுக்குள் கொண்டுவந்தவளே அவள்தான்.

காஷ்மீர் மலையடிவாரத்து இந்தத் ததியால் ஊரில் பாதிப் பேருடைய பூர்வீகம் மங்களா அணையின் தண்ணீருக்கடியில் கிடக்கிறது. அறுபது வருஷத்துக்கு முன்பு தண்ணீர் வந்தது, ஆட்கள் கப்பலேறினார்கள், சீமை மில்களில் உழைத்தார்கள், அந்தக் காசு திரும்பி வந்து ததியால் கடைத்தெருவில் கண்ணாடி மாடிகளாக எழுந்து நிற்கிறது. ஆண்டுக்கொரு முறை ஏரி வற்றும்போது பழைய ஊர்கள் தலைகாட்டும். அப்போது போய், வண்டலில் நின்று, முன்னோருக்கு ஃபாத்திஹா ஓதிவிட்டு வருவார்கள்.

இந்த வருஷம் சஃபீனாவுக்கு ஒரு ஆசை வந்தது. மூழ்கிப்போன பூர்வீக வீட்டின் வாசற்கல்லைத் தோண்டியெடுத்து, புது பங்களாவின் வாசலில் பதிக்க வேண்டும். "எந் தாத்தா கால் பட்ட கல்லு. அத மிதிச்சுத்தான் எம் பசங்க உள்ள வரணும்."

நாலு நாள் தஸ்லீம் டிராக்டரோடு அந்தச் சேற்றில் அலைந்தாள். வீடு எது, தெரு எது, எல்லாம் ஒரே வண்டல். டிராக்டர்க்காரர் மிர்சா வயதானவர். ஓரிடத்தில் வண்டியை நிறுத்திக் கையைக் காட்டினார். "இங்கிட்டு போவேணாம்மா. தண்ணி வருதுன்னதும் அவனவன் தன் வீட்டு கபுறத் தோண்டி எலும்ப மூட்டையா கட்டி மேட்டுக்குக் கொண்டுபோனான். புள்ளைங்க எல்லாம் கப்பலேறிட்ட வீட்டுக்கு யாரு தோண்ட? அவங்கல்லாம் இங்கயேதான் கெடக்காங்க."

ஐந்தாம் நாள் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது. போனில் சஃபீனா, "ஒரு கல்லக் கண்டுபிடிக்கத் துப்பில்லன்னா சொல்லு, வேற ஆள வச்சுக்கறேன்" என்று கத்தினாள். மிர்சா போகவேண்டாம் என்ற பக்கத்தில்தான் ஒரு பலகைக்கல் கிடந்தது. நீளமாக, வழவழவென்று. தஸ்லீம் குனிந்து தடவினாள். ஓரத்தில் விரல் பட்ட இடத்தில் செதுக்கிய கோடு ஒன்று தட்டியது. வளைந்து, மேலே ஒரு புள்ளி. எழுத்து.

அவள் ஒரு கைப்பிடி சேற்றை அள்ளி அந்த இடத்தில் அப்பினாள்.

"இதுதான்" என்றாள்.

வெள்ளிக்கிழமை எட்டாம் அறையிலும் குழி விழுந்தது. சனிக்கிழமை இரண்டு அறைகளில். பகலில்தான் சத்தம் கேட்டது, நல்ல உச்சி வெயிலில், தெருவில் பழவண்டிக்காரன் கூவிக்கொண்டு போகும்போது. மேலே எங்கோ ஒரு மெத்தையின் பிளாஸ்டிக் சரசரக்கும், படுத்திருப்பவர் புரண்டு படுப்பதுபோல, பிறகு ஒன்றும் இல்லாமல் போகும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். சோறு வடிக்கும்போது, துணி பிழியும்போது, தொழுகைப் பாயில் நெற்றி வைத்திருக்கும்போது, சரசர. வாசலில் ஈரக் காலடிகள் விழுந்திருக்கும். எல்லாம் உள்ளே வந்தவை. வெளியே போனதாக ஒன்றுகூட இல்லை.

ஞாயிறன்று மிஸ்பா வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள். "அம்மா, மாடியில இருக்கறவங்க எப்பப் போவாங்க?"

"யாரு? யாரடி பாத்தே?"

"தெரியல. செருப்பே போடமாட்டேங்கறாங்க. நான் தண்ணி வேணுமான்னு கேட்டேன். தண்ணி வேணாமாம். எடந்தான் வேணுமாம்."

தஸ்லீம் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடினாள். விமான டிக்கெட் கடைகளையும், நகைக்கடைகளையும், பவுண்டு மாற்றுகிற கடைகளையும் தாண்டி, சிமெண்ட் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஷேர்பாஸ் மேஸ்திரியைப் பிடித்தாள். வாசலில் கல்லைப் பதித்தவர் அவர்தான்.

"அண்ணே, அந்த வாசக்கல்லப் பேத்து எடுத்துத் தரணும்."

"பாஜி சொன்னாங்களா?"

"நான் சொல்றேன்."

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். "பாருடா! நாலு வருஷம் வெளக்குப் போட்டதும் காவக்காரி வீட்டுக்காரி ஆயிட்டா!" என்றான் ஒருவன். "அடுத்த பிளைட்டுல பிராட்ஃபோர்ட் போவா போல" என்றான் இன்னொருவன்.

"அது வாசக்கல்லு இல்லண்ணே" என்றாள் தஸ்லீம்.

மேஸ்திரி டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவளைக் கடைக்குப் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே கூட்டிப்போனார். குரல் மட்டும் தாழ்ந்தது. கண்ணில் இரக்கம் இல்லை.

"தெரியும். பதிக்கும்போதே பாத்தேன். கபுறு மேல நடற மீசான் கல்லு. எழுத்து இருந்த பக்கத்தக் குப்புறப் போட்டுப் பூசிட்டேன். அந்தக் குடும்பத்து வேலைய நம்பித்தான் எங்கிட்ட இருவது ஆளு சாப்புடறான். வாயத் தொறப்பேனா நான்? நீயும் மூடிக்க."

"அவங்க வந்துட்டாங்கண்ணே. கல்லத் தேடிக்கிட்டு வந்துட்டாங்க. திருப்பிக் கொண்டுபோய் வச்சிரலாம்…"

"எங்க வைப்பே? ஏரியப் பாத்தியா?"

அவள் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தாள். மலைப்பனி உருகி ஏரி நிரம்பிக் கிடந்தது. பழைய ஊர் இருந்த இடத்தில் நீலமாக, சலனமே இல்லாமல், நாற்பது ஆள் ஆழத்துக்குத் தண்ணீர்.

திங்கட்கிழமை மாலைக்குள் பதினொரு மெத்தைகளிலும் குழி விழுந்துவிட்டது. பதினொன்றும் ஒரே போக்கில், தலை வடக்கே, முகம் மேற்கே. அன்றிரவு தாயும் மகளும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் அரிசி மூட்டையை நகர்த்தி வைத்துவிட்டு, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கிடந்தார்கள்.

செவ்வாய். கொழுந்தன் வரவில்லை. சூரியன் ஏரிப்பக்கம் சாய்ந்தது. அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொன்னதும் அறை அறையாக விளக்குப் போட்டாக வேண்டும். சீமைக்காரர் வீடு இருண்டு கிடந்தால் ஊரில் கௌரவக் குறைச்சல் என்பது பாஜியின் சட்டம். தஸ்லீம் இன்று மாடிப்படி ஏறவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். கல்லை எடுத்து மேட்டிலுள்ள ஊர் மையவாடியில், மற்றக் கபுறுகளோடு, மரியாதையாக வைத்து, மன்னிப்புக் கேட்டு அழுதுவிட வேண்டும். அப்புறம் தொழுவமோ தெருவோ.

சிமெண்ட் உடைந்ததும் கல் லேசாக எழும்பியது. எழும்பவேண்டியதைவிட லேசாக. அடியிலிருந்து யாரோ தோள் கொடுத்ததுபோல.

கீழே மேஸ்திரி போட்ட காங்கிரீட் இருக்கவேண்டும். இல்லை. கடப்பாரை தயிருக்குள் போவதுபோல இறங்கியது. கறுத்த வண்டல். குளிர்ந்த வண்டல். அவள் விட்டதும் கடப்பாரை தானாக இன்னும் ஒரு முழம் உள்ளே போனது.

"என்னடி பண்றே?"

தலைக்கு மேலே ஒலிபெருக்கி. சஃபீனா.

தஸ்லீம் கேமராவை நிமிர்ந்து பார்த்துக் கைகூப்பினாள். எல்லாவற்றையும் சொன்னாள். சேறு அப்பியதைச் சொன்னாள். மெத்தைகளைச் சொன்னாள். "கபுறுக் கல்லு பாஜி. உங்க ஆளுங்களோடதா, யாரோடதான்னுகூட எனக்குத் தெரியாது. தெரிஞ்சே எடுத்துட்டேன். என்ன அடிங்க, வெளிய தள்ளுங்க. நாங்க இப்பவே போயிடறோம்."

ஒலிபெருக்கி சீறியது.

"கபுறுக் கல்ல எம் வாசல்ல வச்சிட்டு, வீடு நெறைய ஆள வச்சு வாடகை வாங்கிட்டு, இப்ப ஓடப் பாக்கறியா? எங் கொழுந்தன் கார் பாதி வழியில நிக்குது. அவன் வர்ற வரைக்கும் ஒரு அடி நகரக்கூடாது."

கேட்டில் மோட்டார் உறுமியது. இரும்பு இரும்போடு சேர்ந்து பூட்டிக்கொண்டது.

"பாஜி! கொழந்த இருக்கு பாஜி!"

"கொழந்தய வச்சு நடிக்காத. அந்தா, உம் பின்னாடியே நிக்கறாளே ஒருத்தி, அவ யாரு? அவளுக்குப் பின்னாடி? எத்தன பேரடி சேத்து வச்சிருக்கே…"

தஸ்லீம் திரும்பவில்லை. மிஸ்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். கேட்டை நோக்கி ஓடினாள்.

பாங்கு தொடங்கிய அந்த நொடி கரண்ட் போனது.

ஊர் முழுதும் அணைந்தது. பாங்கு பாதியில் நின்றது. கேட் அசையவில்லை. மதில் இரண்டு ஆள் உயரம், மேலே கண்ணாடிச் சில்லு. தஸ்லீம் இரும்பைக் குத்தினாள். கத்தினாள். தெருவில் யாரோ நடந்துபோனார்கள். நிற்கவில்லை. சீமைக்காரர் வீட்டு விவகாரம்.

பின்னால் வீடு.

சரசர.

ஓர் அறையில் இல்லை. பதினொன்றிலும். ஒரே நேரத்தில். எல்லோரும் சேர்ந்து எழுந்திருக்கிறார்கள்.

பூட்டுகள். ஒவ்வொன்றாக. சாவிக்கொத்து அவள் இடுப்பில்தான் இருந்தது.

மாடிப்படியில் ஈரக்கால்கள். அவசரமில்லாமல். கனமான ஏதோ ஒன்றை ஹால் தரையில் இழுக்கிற சத்தம். மரக்கால்கள் கிறீச்சிட்டன. கட்டில்.

மிஸ்பா தாயின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளுடைய வெதுவெதுப்பான மூச்சு சட்டை வழியாகத் தெரிந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. தஸ்லீம் அதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஒலிபெருக்கி கரகரத்தது. சஃபீனாவின் குரலில் இப்போது கோபம் இல்லை.

"தஸ்லீம்… இவங்கல்லாம் யாரு? ஹால் பூரா நிக்கறாங்க. தஸ்லீம், நீங்க ரெண்டு பேரும் எங்க? கேட்டுக்கிட்ட யாருமே இல்லையே. நான் கேட்டத்தானே பாத்துக்கிட்டிருக்கேன். அங்க யாருமே இல்லையே…"

"இங்கதான் பாஜி! இங்கதான் இருக்கோம்!"

"தஸ்லீம்? எங்க போனீங்க?"

கரண்ட் வந்தது. பங்களாவின் அத்தனை விளக்குகளும், அவள் போடாத விளக்குகளும், ஒரே நேரத்தில் எரிந்தன.

வாசற்கதவு விரியத் திறந்திருந்தது. ஹாலில் அவர்கள் வரிசையாக நின்றார்கள், தோளோடு தோள் ஒட்டி, மேற்கு பார்த்து, குனியாமல், கைகட்டி. இறந்தவரை முன்னால் கிடத்தித் தொழுகிற ஜனாஸாத் தொழுகைக்கு நிற்பதுபோல. வெள்ளைத் துணிகளிலிருந்து ஏரித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

முன்வரிசைக்கு முன்னால், ஜனாஸா வைக்கும் இடத்தில், சமையலறை ஓரத்து அறையிலிருந்த அவளுடைய பழைய கயிற்றுக்கட்டில் கிடந்தது. அதன்மேல் உறை பிரிக்காத புது மெத்தை.

அதில் குறுக்கே இரண்டு குழிகள் மெல்ல மெல்ல ஆழமாகிக்கொண்டிருந்தன. தலை வடக்கே. முகம் மேற்கே. ஒன்று பெரியது. அதை ஒட்டினாற்போல், சின்னதாக, இன்னொன்று.