முள்ளை அசைக்காத குரல்

காலியாக இருக்க வேண்டிய அலைவரிசையில் யாரோ மூச்சு விட்டார்கள்.

பொறியாளர் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஊருக்குப் புதிதாக ஒரு ரேடியோ நிலையம் வரப்போகிறது. அதற்கு ஒதுக்கப்போகும் அலைவரிசையில் வேறு யாரும் இல்லை என்று கேட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் அவள் வேலை. மழை விட்டும் ஈரம் வடியாத மைதானத்தில் நின்ற அளவீட்டு வேனுக்குள், சூடேறிய ஒயர்களின் வாடையும் நனைந்த மிதியடியின் வாடையும் கலந்து மூக்கை அடைக்க, எண்ணெயில் ஏதோ பொரிவது போன்ற இரைச்சலுக்கு அடியில், அதற்கும் அடியில், ஒரு பெண்குரல் களைத்துப்போய்க் கேட்டது.

"யாராவது இருக்கீங்களா?"

அளவுமானியின் முள் அசையவே இல்லை. அதில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. அந்தக் கோட்டைத் தொடாத சத்தம் சத்தமே அல்ல என்பது துறையின் விதி. நல்ல விதிதான், கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கு.

இன்னொரு ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்த டிரைவர் அதைக் கழற்றினார். "மேடம், யாரோ ஒரு பொம்பளை கூப்பிடுறாங்க."

"கோட்டைத் தொடலையே அண்ணா. நம்ம கணக்குல அது வராது."

"கணக்கு கிடக்கட்டும் மேடம். காதுல விழுதே?"

அவளுக்கும் விழுந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மேலதிகாரி காலையிலிருந்து போன் மேல் போன் போட்டு உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். வீட்டில் மகள் வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தாள். 'யாரும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் அலுவலகத்தில் அவள் சொன்ன வணக்கத்துக்கு ஒருவரும் நிமிரவில்லை. எல்லோருக்கும் தலைக்கு மேல் வேலை போல என்று நினைத்துக்கொண்டாள். போனில் கணவன் "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிட்டான். "அந்த போனைத் தூக்கிக் குப்பையில போடு" என்று சாயங்காலம் கேலி செய்தான். அவளும் சிரித்தாள். தன் சிரிப்பு தனக்கே சரியாகக் கேட்காததை அப்போதுதான் கவனித்தாள்.

"சத்தமா பேசும்மா" என்றாள் மகள். பேசினாள். ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் சத்தமாக, பிறகு கத்தலாக. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தொண்டையில் கோளாறு ஒன்றும் இல்லை என்றார். அதை அவளிடம் சொல்லவில்லை, கணவனிடம் சொன்னார்.

தான் கையெழுத்துப் போட்ட அந்த அலைவரிசையின் உரிமத்தை நிறுத்தச் சொல்லி மேலதிகாரியின் அறைக்குள் ஓடினாள். மேஜையில் கையூன்றிக் கெஞ்சினாள். அவர் அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"கதவை யாருப்பா திறந்து போட்டது?"

புதிய நிலையம் பேசத் தொடங்கிய அன்று மாலை, அவள் சமையலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூடத்தில் கணவனும் மகளும். நடுவில் ரேடியோ. மேஜையில் இரண்டு தட்டுகள். மகளே எடுத்து வைத்தவை.

பாட்டு வந்தது. பாட்டுக்கு அடியில் இரைச்சல்.

"கண்ணு!" என்று கத்தினாள் அவள்.

'கண்ணு' என்றது ரேடியோ. மெல்ல. வெகு தொலைவில்.

மகளின் தலை நிமிர்ந்தது. அவள் பக்கம் திரும்பவில்லை. ரேடியோவை நோக்கிக் குனிந்தது.

"அப்பா, பாட்டுக்குள்ள அம்மா கூப்பிடுற மாதிரி இருக்குப்பா."

"அது இரைச்சல்டா. குமிழை லேசாத் திருப்பு, போயிடும்."

வேண்டாம். திருப்பாதே. இங்கே பார். இங்கேதான் நிற்கிறேன். தொண்டை கிழியக் கத்தினாள். காலை எடுத்து வைக்கப் பார்த்தாள். கால் வரவில்லை.

பிஞ்சு விரல்கள் குமிழைத் திருப்பின.

பாட்டு துல்லியமாகிவிட்டது. வேறு எதுவும் இல்லை.

மகள் சிரித்துக்கொண்டே தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். கணவன் எழுந்து வந்தான். சமையலறை வாசலில் நின்றான். அவள் முகத்துக்கு நேராகத்தான் பார்த்தான். கை அவளைக் கடந்து சுவிட்சுக்குப் போனது.

"யாரும் இல்லாத இடத்துல எதுக்கு லைட்டு?"

இருட்டு.

அந்த இருட்டில், அவள் காதை ஒட்டி, ஈர மூச்சோடு, இரைச்சல் துளியும் இல்லாமல்:

"யாராவது இருக்கீங்களா?"