கம்பளிக்குள் இரண்டு பெட்டி

கம்பளியைப் போர்த்திய பிறகும் சத்தம் நிற்கவில்லை.

நின்றிருக்க வேண்டும். அதற்காகத்தான் தவ்ஹீத் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் முகத்தோடு முகம் ஒட்ட வைத்து, ஒன்றுக்கு மட்டும் ப்ளஸ் மைனஸ் வயரை மாற்றிக் கொடுத்திருந்தான். ஒரு பெட்டியின் காகிதக் கோன் வெளியே தள்ளும் அதே நேரத்தில் மற்றது உள்ளே இழுக்கும். இது போடும் சத்தத்தை அது தின்றுவிடும். புது ஸ்பீக்கரின் விறைப்பு போய் காகிதம் இளகும் வரை இப்படி நாள்கணக்கில் ஓடவிடுவது பெட்டி செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். உள்ளே இரைச்சல் அடைமழையாய்ப் பெய்தாலும் வெளியே பூனை மூச்சு விடுகிற அளவுக்குத்தான் கேட்கும். மேலே ஒரு கம்பளியைப் போட்டால் அதுவும் அடங்கிவிடும்.

தவ்ஹீதுக்கு அந்த அடக்கம்தான் உயிர். படைக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் பெயர் விழுந்ததிலிருந்து பர்மாவின் க்யிம்யிண்டைங் பேட்டையில் இந்த மூன்றாம் மாடி வீட்டில் அவன் இல்லாத ஆள். எல்லை தாண்டிப் போய்விட்டான் என்று தெரு முழுக்கப் பேச்சு. அவன் மனைவி ஜஸீலா காலையில் துணிக்கடைக்குக் கிளம்பும்போது கம்பி வைத்த இரும்புக் கதவை இழுத்து வெளியே பூட்டுப் போட்டுவிட்டுப் போவாள். பூட்டிய வீட்டுக்குள் ஆள் இருப்பான் என்று எவன் நினைக்கப் போகிறான்? பகலில் குழாயைத் திறப்பதில்லை, செருப்புப் போடுவதில்லை, இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். பால்கனிப் பக்கம் தலை காட்டிப் பல மாதம் ஆகிறது.

இல்லாத ஆளுக்கும் பசிக்குமே. அதற்குத்தான் இந்தப் பெட்டி வேலை. கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் பெரிய ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. பாட்டரியில் ஓடுகிற, உள்ளங்கையில் அடங்குகிற ஆம்ப் போதும்; ஆனால் அந்தக் கொஞ்ச சக்தியிலும் வாய் திறந்து பாடுகிற ஸ்பீக்கர் வேண்டும். ஒரே கோன், கனமில்லாத காகிதம், அளந்து அடித்த பிளைவுட் பெட்டி. தவ்ஹீத் செய்கிற பெட்டியில் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும் என்று டீக்கடைக்காரர்கள் சொல்வதாக அஸ்கர் வந்து சொல்வான். பள்ளிக்கூடத்திலிருந்தே சேக்காளி. கியாக்டடா பேட்டையில் சின்ன எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கிறான். ஸ்பீக்கர்களை வாங்கித் தருவதும், முடித்த பெட்டிகளை விற்றுக் கொடுப்பதும் அவன்தான். ஜஸீலா வேலைக்குப் போன நேரத்தில் ஏதாவது ஆகிவிட்டால் என்று பூட்டின் இன்னொரு சாவியையும் அவனிடம்தான் கொடுத்து வைத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் கரண்ட் போயிருந்தது. மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. படகுத்துறைப் பக்கமிருந்து டீசல் புகையும், கீழ்வீட்டில் வதக்கும் ங்கபி மீன்விழுதின் வாடையும் ஜன்னல் இடுக்கு வழியே வந்தன. தெருவில் யாரோ மேல்வீட்டாரைக் கூப்பிட மாடியிலிருந்து தொங்கும் கயிற்றை இழுக்க, அதன் மேல்நுனியில் கட்டிய மணி கிணுகிணுத்தது. இத்தனைக்கும் நடுவே, கம்பளிக்கு அடியில், யாரோ கதவுக்கு அப்பால் குரலைத் தாழ்த்திப் பேசுவது போல ஒரு முணுமுணுப்பு. போனில் ஓடவிட்டிருந்தது வெறும் இரைச்சல். அதில் பேச்சு எங்கிருந்து வரும்?

அவன் பயப்படவில்லை, எரிச்சல்தான் பட்டான். இரண்டு ஸ்பீக்கரும் அச்சு அசலாக ஒன்றுபோல் இல்லாவிட்டால் முழுசாக அழியாது. வித்தியாசம் மட்டும் மிஞ்சும். அந்த மிச்சம்தான் இது. பெட்டிகளைப் பிரித்து ஸ்பீக்கர்களை இடம் மாற்றினான், வயரை மறுபடி முறுக்கினான், இடைவெளியில் பழைய துணியைச் சுற்றி அடைத்தான், கம்பளியை மடித்துப் போட்டான். இரைச்சல் சுத்தமாகச் செத்தது. முணுமுணுப்பு மட்டும் முன்னைவிடத் தெளிவாக இருந்தது.

தரையில் படுத்துக் காதை வைத்தான். ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத, காகிதம் உரசுகிற குரல். நல்ல பர்மா பாஷையில், தெருப் பெயர். அடுத்து கட்டடம். அடுத்து, மூன்றாவது மாடி. பின்னறை. பூட்டு வெளியே இருக்கும், அதை நம்ப வேண்டாம்.

தரையின் குளிர் கன்னம் வழியாகப் பல்லுக்குள் இறங்கியது.

ஜஸீலா வந்ததும் இழுத்துக்கொண்டு வந்து கேட்கச் சொன்னான். அவள் முக்காட்டை விலக்கிக் காதை வைத்தாள். கன்னத்தில் பூசியிருந்த தனக்கா மரப்பட்டைச் சாந்து வியர்வையில் திட்டுத்திட்டாகக் கலைந்திருந்தது. அவள் தம்பி ஜாபரைப் போன மாதம் படைக்கு ஆள் பிடிக்கிறவர்கள் பஸ்ஸிலிருந்து இறக்கி இழுத்துக்கொண்டு போனதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை, தூங்குவதும் இல்லை.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே மச்சான்."

"நல்லாக் கேளு. நம்ம வூட்டு அடையாளம் சொல்லுது."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கம்பளியின் விளிம்பை இழுத்துச் சரிசெய்தாள்.

"நீங்க உள்ள இருக்கிறது நம்ம ரெண்டு பேர வுட்டா அஸ்கர் காக்காவுக்குத்தான் தெரியும்" என்றாள் மெதுவாக. "நான் ஒண்ணும் சொல்லல மச்சான். சாவிய மட்டும் வாங்கி வச்சுக்கிருவோமா?"

அஸ்கரா! ஒரே தட்டில் சாப்பிட்டவன். ஆனால் சந்தேகம் உள்ளே வந்துவிட்டால் பழசெல்லாம் வேறு முகத்தோடு எழுந்து வருகிறது. போன தடவை ஏன் அத்தனை நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான்? இந்த ஜோடி ஸ்பீக்கரை எங்கே வாங்கினாய் என்று கேட்டதற்கு ஏன் சிரித்து மழுப்பினான்? வயிற்றில் பால் வார்த்தவன் என்று நினைத்தவனே கழுத்தை அறுப்பதா என்று நினைக்க நினைக்க அவனுக்கு அழுகை வந்தது. அழவும் சத்தம் கூடாது. வாங்கிட்டு வா என்று தலையை மட்டும் ஆட்டினான்.

மறுநாளே சாவி வந்துவிட்டது. இரண்டு சாவியும் இப்போது ஜஸீலாவின் பையில்.

அதற்கு அடுத்த நாள் மதியம் யாரோ மாடிப்படி ஏறி வந்து இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் நின்றார்கள். கதவில் நகத்தால் சுரண்டும் சத்தம்.

"டேய், நாந்தாண்டா." அஸ்கரின் குரல். "சாவிய ஏண்டா புடுங்குன? நான் என்னடா பண்ணேன்?"

தவ்ஹீத் பின்னறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். உள்ளே இருக்கிறேனா என்று நோட்டம் பார்க்க வந்திருக்கிறான். மூச்சு விடக் கூடாது.

"நீ உள்ள இருக்கேன்னு தெரியும். பேச வேணாம், கேட்டுக்க. ஜாபர வுட்டுட்டானுங்கடா. நேத்தே வெளிய வந்துட்டான், நான் கண்ணால பாத்தேன். ஜஸீலா ஒங்கிட்டச் சொன்னுச்சா?" குரல் இன்னும் தாழ்ந்தது. "எதுக்கு வுட்டானுங்கன்னு யோசிடா. சும்மா வுடுவானுங்களா?"

நல்லாத்தான் கதை கட்டுகிறான் என்று தவ்ஹீத் பல்லைக் கடித்தான். குடும்பத்துக்குள்ளேயே மூட்டிவிடப் பார்க்கிறான், நாய். கொஞ்ச நேரம் கழித்து மாடிப்படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. அவனுடைய காலடி தெருச் சத்தத்தில் கரையும் வரை தவ்ஹீத் கேட்டுக்கொண்டே இருந்தான்; ஏதோ ஒரு கயிறு அறுந்த மாதிரி இருந்தது, அதை நிம்மதி என்று நினைத்துக்கொண்டான்.

பின்னறையில் கம்பளி அசைந்தது.

காற்றாக இருக்கலாம். ஜன்னல் சாத்தியிருந்தது. கம்பளியின் நடுப்பாகம் லேசாக எழும்பி, அமிழ்ந்து, மறுபடி எழும்பியது. உள்ளங்கை அளவு கோன் இத்தனை காற்றைத் தள்ளாது. உள்ளிருந்து வந்த குரல் இப்போது காகிதக் குரல் இல்லை. தெளிவாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது, அவன் பெட்டிகளைப் பற்றி எல்லோரும் சொல்வது போலவே. ஒரு ஈரமூச்சு. தொண்டையைச் செருமுதல். தினமும் அவன் காதோடு பேசுகிற குரல்.

"அழுவாத தம்பி. ஒனக்குப் பதிலா ஒரு ஆளக் குடுத்துட்டா வுட்டுருவாங்க. ஆள் எடுக்குற ஸயாகிட்டப் பேசிட்டேன். அவுக எங்கயும் ஓட முடியாது. நான்தான பூட்டுறேன்."

தவ்ஹீத் வாயைப் பொத்திக்கொண்டான்.

ஜஸீலா. அவன் ஜஸீலா. காய்ச்சலில் கிடந்தபோது ராத்திரியெல்லாம் நெற்றியில் ஈரத்துணி மாற்றியவள். வெளியே பூட்டும்போதெல்லாம் கம்பிக்குள் விரலை விட்டு அவன் விரலை ஒரு தரம் தொட்டுவிட்டுப் போகிறவள். தம்பிக்காகச் செய்தாள், அது அவனுக்குப் புரிந்தது. புரிந்ததுதான் தாங்க முடியவில்லை. கேட்டிருந்தால், ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவனே இறங்கிப் போயிருப்பானோ என்னவோ. கேட்கவில்லை. சோறு போட்டாள். பக்கத்தில் படுத்தாள். அஸ்கரின் சாவியை வாங்கி வந்தாள்.

அஸ்கர்!

ஜன்னலுக்கு ஓடினான். தெருவில் குடைகள்தான் தெரிந்தன. கூப்பிட வாயைத் திறந்தான். இத்தனை மாதப் பழக்கம், குரல் வரவில்லை. தொண்டையில் வெறும் காற்று.

இரும்புக் கதவை ஆட்டினான். பூட்டு ஆடியது, அவ்வளவுதான். பால்கனிக்கு இரும்புக் கம்பி. குளியலறை ஜன்னல் தலை நுழையாத அகலம். ஒவ்வொரு அறையாகப் போய் வந்தான். தன் வீட்டில் எத்தனை கம்பி என்று இன்றைக்குத்தான் பார்த்தான்.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. கரண்ட் வரவில்லை. கம்பளிக்குள் அவள் பேசிக்கொண்டே இருந்தாள். எப்போது வரலாம். யார் யார் வரலாம். சாயங்கால மக்ரிபு தொழுகை நேரம் நல்லது, கட்டடத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது.

பாட்டரியிலிருந்து வயரைப் பிடுங்கினான். ஆம்பின் சிவப்பு விளக்கு அணைந்தது.

அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

ஸ்பீக்கரின் வயர்களையும் பிடுங்கினான். இப்போது அவை வெறும் மரப்பெட்டி. மரமும் காகிதமும் காந்தமும். ஒன்றோடும் ஒட்டு இல்லை.

கம்பளி எழும்பியது. அமிழ்ந்தது.

தூரத்தில் பாங்கு சொன்னார்கள். அதன் அடியில், மாடிப்படியில், செருப்புச் சத்தம். அவளுடையது. கொஞ்சம் இழுத்து வைக்கிற வலது கால். அதற்குப் பின்னால் பூட்ஸ். நிறைய.

கம்பளியை இழுத்து எறிந்தான். இரண்டு பெட்டியும் வாயோடு வாய் வைத்து நின்றன. பிரித்தான்.

கட்டடமே அதிரும் சத்தம்.

"நான் இங்கதான் இருக்கேன்! மூணாவது மாடி! பின்னறை! வாங்க!"

அவன் குரல். அவனுடைய சொந்தக் குரல். மாதக்கணக்கில் தலையணைக்குள் அமுக்கிய இருமல், விழுங்கிய அழுகை, கூப்பிடாத பெயர்கள், எல்லாம் சேர்ந்த தொண்டை கிழிந்த குரல். இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்தினான். வாய் மூடித்தான் இருந்தது. குரல் வந்துகொண்டிருந்தது.

கட்டைவிரலைக் கோனில் குத்தினான். காகிதம் கிழிந்தது. ஈரமாக இருந்தது. மற்றதையும் கிழித்தான். பெட்டிகள் அடங்கின.

குரல் அடங்கவில்லை.

வாசலிலிருந்து வந்தது.

போன் வெளிச்சங்கள் கம்பி வழியே உள்ளே விழுந்தன. ஜஸீலா கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் படியில் இருந்தவர்கள் ஓரடி பின்வாங்கி, அவளையே வெறித்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாய் திறந்திருந்தது. உதடு அசையவில்லை. நாக்கு அசையவில்லை. அந்த வாயின் இருட்டிலிருந்து அவன் குரல் முழுசாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற துல்லியத்தோடு வந்துகொண்டிருந்தது.

"நான் இங்கதான் இருக்கேன்! வாங்க!"

அவள் அழுதுகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் தாடையை மேலே தள்ளிக்கொண்டிருந்தாள். தாடை மூடவில்லை. கழுத்துக்குக் கீழே தோல் ஸ்பீக்கர் கோன் போல வெளியே தள்ளியது, உள்ளே இழுத்தது, வெளியே தள்ளியது. கண்கள் மட்டும் அவளுடையவை. அவை கம்பி வழியாகத் தவ்ஹீதைத் தேடிப் பிடித்து, காப்பாத்துங்க மச்சான் என்று கெஞ்சின.