சீட்டியடித்துக்கொண்டு ஓடியவன்

கோட்டு நீல நிறம். அதில் சந்தேகமே இல்லை. காலர்தான் மார்னியின் தூக்கத்தைக் கெடுத்தது.

கட்டைவிரல் உயரத்தில் பதினெட்டு வெள்ளீயச் சிப்பாய்கள் சமையலறை மேசைமேல் வரிசையாக நின்றார்கள். 1813இல் பிரிட்டிஷ்காரர்களிடமிருந்து அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கால்டர் கோட்டையைக் காத்த கேப்டன் ரான்சமின் படை அது. பதினொரு வயது மார்னி ஒரு மாதமாக அவர்களுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தாள். காலரும் கைமடிப்பும் மட்டும் இன்னும் வெறும் உலோகமாகவே பளபளத்தன.

பத்தொன்பதாவது ஆள் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் கிடந்தான். மார்னியின் ஆறு வயதுத் தம்பி ஓட்டிஸ் மிதித்ததில் அவன் தொப்பி உடைந்துவிட்டது.

சனிக்கிழமை காலை நூலகக் கூடத்தில் மேசைப் போர்: பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் பகடை உருட்டி, பழைய போர்களை மறுபடி ஆடும் விளையாட்டு. இன்று வியாழன்.

போர்க் குழுவுக்கு ஒரே ஒரு விதி: சான்று இல்லாத நிறம் மேசை ஏறாது. குழுத் தலைவி டெல்ஃபின் ஒரு பல் மருத்துவர். சிப்பாயின் பொத்தானைக்கூடச் சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல் உற்றுப் பார்ப்பார்.

அன்று பள்ளிப் பேருந்தில் வெண்டல் முன்சீட்டிலிருந்து திரும்பி, "என்ன மார்னி, காலர் கெடச்சுதா?" என்று கேட்டிருந்தான். சனிக்கிழமைப் போரில் பிரிட்டிஷ் படை அவனுடையது.

"தேடிட்டு இருக்கேன்."

"பேசாம ஊதா அடிச்சிடு. என் ஆளுங்க சிரிச்சே செத்துடுவாங்க."

மார்னியின் காது சூடாகிவிட்டது.

கோட்டையிலிருந்து கேப்டன் எழுதி, பின்னால் புத்தகமாக வந்த முப்பத்தொரு கடிதங்களையும் அவள் படித்துவிட்டாள். மாவு வரவில்லை. மழை நிற்கவில்லை. குதிரைக்கு இருமல். சீருடையைப் பற்றி ஒரு வரி கிடையாது.

"கேப்டனுக்குக் கண்ணு தெரியாதா?" என்று கேட்டான் ஓட்டிஸ், சமையலறை மேசையோரம் ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெயைத் தடவிக்கொண்டே.

"தெனமும் பாக்குறத யாருடா எழுதுவாங்க? நீ என்ன சட்டை போட்டிருக்கேன்னு யாராவது சொல்லிட்டா இருக்காங்க?"

"சொன்னாங்களே! பொருட்காட்சியில நான் தொலைஞ்சேனே, அப்ப மைக்குல சொன்னாங்க. 'மஞ்ச சட்டை, அதுல டைனோசர், ஒரு கால்ல மட்டும் செருப்பு.' எல்லாரும் என்னையே பாத்தாங்க!"

மார்னியின் தூரிகை அந்தரத்தில் நின்றது. அது இறங்குவதற்குள் ஓட்டிஸ் ரொட்டியைத் தின்று முடித்தே விட்டான்.

"ஓட்டிஸ்!" என்று திடீரென்று கத்தினாள். "ஆளு காணாமப் போனாதான் சட்டையப் பத்திப் பேசுவாங்க!"

"சிப்பாய் எல்லாம் தொலைவாங்களா?"

"தொலைய மாட்டாங்க. ஓடிப்போவாங்க! அப்ப அவங்கள எப்படித் தேடுறது? பேப்பர்லதானே போட்டிருப்பாங்க?"

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் இருவரும் நூலகத்துக்கு ஓடினார்கள். அங்கே பழைய செய்தித்தாள்களைப் படமெடுத்துச் சுருள் சுருளாக வைத்திருந்தார்கள். சுருளைத் திரையில் காட்டும் கருவியின் பிடியை ஓட்டிஸ் சுழற்ற, மார்னி திரையைப் பார்த்தாள்.

"மெதுவா சுத்து! மாசமே பறக்குது!"

பசுவைக் காணவில்லை என்று ஒரு விளம்பரம். சாம்பல் குதிரையைக் காணவில்லை. ஓடிப்போன சிப்பாய்களும் வந்தார்கள். ஆனால் வேறு கோட்டை, வேறு கேப்டன். மூன்று சுருள்கள் தீர்ந்தன. நூலகம் மூட இருபது நிமிடம்தான் இருந்தது.

"நிறுத்து!"

*கேப்டன் ரான்சமின் படையிலிருந்து ஓடிப்போனவன்: ஐசாயா டன், வயது பத்தொன்பது. நீலக் கோட்டு, காலரும் கைமடிப்பும் மஞ்சள். இடது முழங்கையில் பழுப்புத் துணி ஒட்டு. தொப்பி இல்லை. எந்நேரமும் சீட்டியடிப்பான்.*

"மஞ்சள்!"

மார்னி போட்ட கூச்சலில், அடுத்த மேசையில் இருந்தவரின் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. நூலகர் உதட்டில் விரல் வைத்தபடி வந்தார். திரையைப் படித்ததும் அந்த விரல் தானாகக் கீழே இறங்கியது. "அட! உடனே ஒரு நகல் எடுத்துக்கோ."

சனிக்கிழமை விடிந்ததும் பதினெட்டு காலர்களும் மஞ்சளாயின. ஓட்டிஸ் கூந்தல் உலர்த்தியைப் பிடித்து ஒவ்வொருவரையும் காயவைத்தான். கடைசியில் மார்னி சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டாள். தொப்பியில்லாத அந்தச் சிப்பாயின் முழங்கையில் மிகச் சிறிய ஒரு பழுப்புப் புள்ளி வைத்தாள்.

"நான் மிதிச்சவனா?" என்றான் ஓட்டிஸ் மெல்ல.

"ஆமா. நீ மிதிச்சது நல்லதாப் போச்சு."

கூடத்தில் டாக்டர் டெல்ஃபின் நகலை இரண்டு முறை படித்தார். பிறகு ஒவ்வொரு காலராக உற்றுப் பார்த்தார்.

"பொத்தான் எத்தனைன்னு இதுல இல்லையே?"

"ஐசாயாவப் பிடிச்சா கேட்டுச் சொல்றேன், டாக்டர்."

டாக்டர் தன் பற்களெல்லாம் தெரியச் சிரித்தார். "படை மேசை ஏறட்டும்!"

மார்னி பதினெட்டுப் பேரைக் கோட்டை மதிலில் நிறுத்தினாள். ஐசாயாவை மட்டும், பாசியால் செய்த காட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"ஓடிப்போனவன எதுக்குக் கூட்டிட்டு வந்த?" என்றான் வெண்டல். "அவன்தான் சண்டையே போட மாட்டானே!"

"மத்த பதினெட்டுப் பேரு என்ன போட்டிருந்தாங்கன்னு சொன்னதே அவன்தான்."

வெண்டல் அந்த மஞ்சள் காலர்களை ஒருமுறை பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு," என்று முணுமுணுத்துவிட்டுப் பகடையை உருட்டினான்.

ஓட்டிஸ் அக்காவின் கையை இழுத்தான். "அவனப் பிடிச்சுட்டாங்களா?"

"அத எந்தப் பேப்பரும் எழுதல."

ஓட்டிஸ் யோசித்தான். அதன்பிறகு, பகடை உருண்டு எல்லாத் தலைகளும் குனிந்தபோதெல்லாம், ஐசாயா காட்டுக்குள் ஒரு விரற்கடை தூரம் நகர்ந்தான்.

கோட்டை விழவில்லை. போர் முடிந்து சிப்பாய்களைப் பெட்டியில் அடுக்கும்போது, "ஒருத்தன் குறையுறான் போல இருக்கே?" என்றான் வெண்டல்.

மார்னி நிமிர்ந்து பார்த்தாள். ஓட்டிஸ் சட்டைப்பையைப் பொத்தியபடி வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தான். முன்பல் விழுந்த வாயைக் குவித்துச் சீட்டியடித்தான். வெறும் காற்றுதான் வந்தது.

மார்னி பெட்டியை மூடினாள். "பதினெட்டும் சரியா இருக்கு," என்றாள்.