கடைசிப் பொத்தான்

துகள் முடுக்கியின் ஹீலியம் கற்றையை அவள் நிறுத்திப் பத்து நிமிடமாகியும் கட்டுப்பாட்டு அறைத் திரையில் காமாக் கதிர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. மெக்னீசியத் தகட்டில் ஹீலியம் அயனிகள் மோதும்போது அணுக்கருக்கள் கிளர்ந்தெழும். கண் மூடித் திறப்பதற்குள் காமாக் கதிரை உமிழ்ந்துவிட்டு அடங்கிவிடும். மோதல் நின்றால் எல்லாம் நிற்க வேண்டும். இங்கே வரைபடத்தில் ஒரு முகடு மட்டும் வளர்ந்தது. அதன் ஆற்றலை அவள் இரண்டு முறை சரிபார்த்தாள். மெக்னீசியத்தின் ஆற்றல் அல்ல, நைட்ரஜனுடையது.

ஷிப்ட் பொறுப்பாளர் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார். "பேய்க்கும் பாரு, நோய்க்கும் பாருன்னு சொல்வாங்க. உள்ள போய்க் கேபிளையும் ஒருதரம் பாத்துடும்மா," என்றார். யாரிடம் சொல்கிறோம் என்பது அப்புறம்தான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று மாதத்துக்கு முன், கற்றை வந்து மோதும் அந்த உள்ளறையில்தான் அவள் கணவன் செத்துப்போனான். உணர்கருவிகளைக் குளிர்விக்கத் திரவ நைட்ரஜன் நிரப்புவது அவன் வேலை. குழாய் கசிந்து, காற்று இருந்த இடத்தையெல்லாம் நைட்ரஜன் பிடித்துக்கொண்டது. கதவைப் பூட்டுமுன் ஒருவர் உள்ளே முழுக்கச் சுற்றி, யாருமில்லை என்று பார்த்து, கோடி மூலையிலுள்ள கடைசிப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது விதி. அவ்வளவு தூரம் நடக்கச் சோம்பல்பட்டு எல்லோரும் ஒரு நீளக் கம்பு வைத்திருந்தார்கள். சுவர்த் திருப்பத்தில் நின்றபடியே, மூலையைப் பார்க்காமலே எட்டி அழுத்திவிடலாம். அவன் சாப்பிடப் போயிருப்பான் என்று நினைத்து அன்று அவளும் அப்படித்தான் அழுத்தினாள். விசாரணையில், மூலைவரை நடந்து பார்த்ததாகச் சொன்னாள். அப்படியானால் அவன்தான் விதியை மீறிப் பிறகு நுழைந்திருக்க வேண்டும் என்று எழுதி முடித்தார்கள். என் பிள்ளை ஏன் அப்படிச் செய்தான் என்று மாமியார் தினமும் கேட்கிறார். அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

உள்ளே போனாள். பம்புகளின் முனகல், சூடேறிய கேபிளின் வாசனை, தன் செருப்புச் சத்தம், குழாய்களின் நிழல் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுவரில் ஏறிக் கிடப்பது, எல்லாம் பழகியவைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திருப்பம்வரை வந்தாள். கால் நின்றுவிட்டது. சட்டையில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் குறைந்தால் எச்சரிக்கும் கருவி பச்சையாகவே எரிந்தது. ஆனாலும் மூச்சு வெண்புகையாக வந்தது.

"யாராவது இருக்கீங்களா?"

சுவருக்கு அந்தப் பக்கம் சுரண்டும் சத்தம். நின்றது. மறுபடியும்.

திருப்பத்தைத் தாண்டினாள்.

பொத்தானுக்குக் கீழே அவன். தரையோடு தரையாக. முகம் சுவரைப் பார்த்து. ஒரு கை மட்டும் மேலே எட்டி, நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தது. தலைமுடியெல்லாம் உறைபனி. அவளுக்குப் பயத்தைவிட அழுகைதான் முதலில் வந்தது.

"வந்துட்டேங்க," என்றாள். "அன்னைக்கு நான் வரவே இல்ல. பொய் சொல்லிட்டேன்."

கை நின்றது. தலை மெல்லத் திரும்பியது. அந்தக் கண்கள் அவளைக் கடந்து, அன்று அவள் கம்போடு நின்ற திருப்பத்தையே பார்த்தன. உறைந்த உதடுகள் திறந்தன, மூடின. திறந்தன, மூடின. வீட்டில் அவன் மட்டும் கூப்பிடும் அவளுடைய செல்லப்பெயர்.

தொடும் தூரத்தில்தான் நின்றாள். அவன் இன்னும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.